அப்பாவுக்கு வந்தது ஹார்ட் அட்டாக், அவங்க சொல்றது வாய்வு: இந்த மறுப்ப உடைக்கணுமா, விட்டுரணுமா?

பாளை_செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் வாசிக்க மட்டும்தான் செஞ்சேன், இப்பதான் எழுதுதேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

எங்க அப்பாவுக்கு 64 வயசு, கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவங்க. போன ஆனியில ஹார்ட் அட்டாக் வந்து ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். அடைப்பு எங்க இருந்துச்சு, ஸ்டென்ட் வச்ச பிறகு ரத்தம் எப்படி ஓடுதுன்னு டாக்டர் கம்ப்யூட்டர்ல அப்பாவுக்கே காட்டுனாரு, அப்பாவும் தலைய தலைய ஆட்டிட்டுத்தான் வந்தாங்க. ஆனா வீட்டுக்கு வந்த மறுநாள்ல இருந்து "வாய்வு நெஞ்சுல ஏறிப்போச்சு, ரெண்டு நாள் படுக்கச் சொன்னாங்க" இதான் பேச்சு. பாக்க வர்ற சொந்தக்காரங்க, பழைய டிப்போ ஆளுங்க, பால்காரர் வரைக்கும் எல்லார்ட்டயும் இதே கதைதான். அன்னைக்கி ராத்திரி தின்ன உருளக்கெழங்கு பொரியல்தான் காரணமாம், இப்ப வீட்ல உருளக்கெழங்கு வாங்கவே விட மாட்டுக்காங்க.

காலைல உள்ள மாத்திரைய ஒழுங்கா போடுதாங்க. ராத்திரி போட வேண்டிய கொலஸ்ட்ரால் மாத்திரைய சில நாள் விட்டுருதாங்க. பீடிய ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைல இருந்து தொடவே இல்ல, ஏன்னு கேட்டா "புடிக்கல"ங்காங்க, அவ்வளவுதான்.

என் தங்கச்சிக்கு இது தாங்க முடியல. டிஸ்சார்ஜ் சம்மரிய பைல் போட்டு வச்சிருக்கா, அப்பா வாய்வுன்னு ஆரம்பிச்சாலே அத எடுத்துட்டு வந்து "இஎஃப் (ஒவ்வொரு துடிப்புலயும் ஹார்ட் வெளிய தள்ளுற ரத்தத்தோட சதவீதம்) 45 தான் இருக்கு, ஹார்ட்ல ஒரு பக்கம் சரியா சுருங்கல, இதுக்குப் பேரு வாய்வா"ன்னு முகத்துக்கு நேரா வாசிக்கா. அப்பா பதிலே சொல்லாம எந்திரிச்சு திண்ணைக்குப் போயிருவாங்க. அன்னைக்கிப் பூரா சாப்பாடும் சரியா எறங்காது. அம்மா பாடுதான் ஏறச் சொன்னா எருதுக்குக் கோவம், எறங்கச் சொன்னா நொண்டிக்குக் கோவம்னு ஆகிப்போச்சு.

நேத்து யாரோ "அது மனசு போடுற தற்காப்பு, விட்டுருங்க"ன்னு சொன்னாங்க. உண்மையா? விட்டா ஆபத்து இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோவை_அருள்:

நேராவே சொல்றேனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. விட்டுருங்கன்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க. எங்க பெரியப்பா தறி ஓட்டுனவர். ஒரு நா விடியால நெஞ்சு கரிக்குதுன்னாரு, சோடா வாங்கிக் குடிச்சாரு, ஏப்பம் வந்துருச்சு சரியாப் போச்சுன்னு கெளம்பிட்டாரு. ஆஸ்பத்திரி போலாம்னு பெரியம்மா சொன்னதுக்கு "உனக்கு எதெடுத்தாலும் பயம்"னு சத்தம் போட்டுட்டுப் போனவரு மத்தியானம் தறிக்குப் பக்கத்துலயே விழுந்துட்டாருங்க. வேர்வை அப்படி ஊத்துச்சாம், கூட வேலை செஞ்சவங்க அப்புறம் சொன்னாங்க. அந்த மறுப்பு யாரைக் காப்பாத்துச்சு? உங்க தங்கச்சி செய்யறதுதான் சரிங்க.

வார்டு_டியூட்டி:

அருள் அண்ணே சொல்றது நூத்துக்கு நூறு உண்மை, ஆனா அது வலி வர்ற நேரத்துக் கதைண்ணே. அட்மிட் ஆனதுக்கு அப்புறம் நடக்கறது வேற. நான் மதுரைல ஒரு சிசியுல, அதாவது ஹார்ட் நோயாளிங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல, நர்ஸா இருக்கேன், தினம் பாக்கறதச் சொல்றேன்.

மொத ரெண்டு நாள் வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஏதாவது ஒரு விதத்துல மறுப்பாங்க. நெஞ்சுல ஒயர் எல்லாம் ஒட்டியிருக்கும், "சிஸ்டர் என் சட்டை எங்க, ஆறு மணிக்குக் கடை தொறக்கணும்"பாங்க. மானிட்டர்ல சத்தம் வந்தா "அது பக்கத்து பெட்டுக்கு"ன்னு கையக் காட்டுவாங்க. ஒருத்தர் தன் ஈசிஜி பேப்பர வாங்கிப் பாத்துட்டு இது வேற ஆளோடதுன்னு எங்கிட்ட திரும்பிக் குடுத்தாரு, அவர் பேரு அதுலயே எழுதியிருக்கு. ஆனா இவங்க தூங்கிடுவாங்க. எல்லாம் தெரிஞ்சு, ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கிட்டு, மானிட்டரையே பாத்துக்கிட்டு படுத்திருக்கறவங்களுக்குத்தான் ராத்திரி பூரா பல்ஸ் எறங்காது, பிபி எறங்காது. அடிபட்ட ஹார்ட்டுக்கு அந்த நேரத்துல வேண்டியது ஓய்வு, அந்த ஓய்வ அவங்களுக்கு அந்த மறுப்புதான் குடுக்குது. அதனால அந்த ரெண்டு நாள்ல நாங்க யார்ட்டயும் வாதாட மாட்டோம், "சரிங்கய்யா, டாக்டர் வரட்டும் கேப்போம்"னு விட்டுருவோம்.

இது என் அனுபவம் மட்டும் இல்ல. அமெரிக்காவுல பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரில தாமஸ் ஹாக்கெட், நெட் காசம்னு ரெண்டு மனநல டாக்டருங்க 1960கள்லயே சிசியு நோயாளிங்க பக்கத்துல உக்காந்து இதத்தான் கவனிச்சாங்க. அப்புறம் 1987ல வந்த ஒரு ஆய்வு எங்க டிரெய்னிங்ல சொன்னாங்க, அது மனசுல நின்னுருச்சு: ரொம்ப மறுத்தவங்க தீவிர சிகிச்சைல கம்மி நாள்தான் இருந்தாங்க, ஹார்ட் சம்பந்தமான சிக்கலும் கம்மியாதான் இருந்துச்சு. ஆனா வீட்டுக்குப் போன அடுத்த ஒரு வருஷத்துல டாக்டர் சொன்னபடி நடக்காம போனதும் அவங்கதான், திரும்ப ஆஸ்பத்திரில கூடுதல் நாள் கெடந்ததும் அவங்கதான்.

செல்வி அக்கா, உங்க அப்பா இப்ப அந்த ரெண்டாவது கட்டத்துல இருக்காரு. அவரு வாய்வுன்னு சொல்றதப் பத்தி எனக்குக் கவலை இல்ல. ராத்திரி மாத்திரைய விடறாருன்னு சொன்னீங்க பாருங்க, கவலை அங்கதான். அதே மாதிரி ஸ்டென்ட் வச்சவங்களுக்கு ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை குடுத்திருப்பாங்க, டாக்டர் சொல்லாம அத நிறுத்தவே கூடாது, ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் கட்டிக்கும். காலை மாத்திரைல அது இருக்கான்னு மொதல்ல செக் பண்ணுங்க.

மனசுவேலை:

சிஸ்டர் அருமையா சொல்லிட்டாங்க, நான் இன்னொரு பக்கத்துலேருந்து சொல்றேன். நான் மனநலப் பிரிவுல சோஷியல் வொர்க்கர், இந்த மாதிரி வீடுகள நிறைய பாக்கறேன்.

தாங்க முடியாத ஒண்ணு வரும்போது மனசு நம்மளக் கேக்காமலே அத வேற மாதிரி மாத்திக் காட்டிடும்ங்கறத, உளப்பகுப்பாய்வ ஆரம்பிச்ச டாக்டர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1894லயே எழுதினாரு, அத ஒழுங்குபடுத்தி ஒவ்வொண்ணா விளக்கி 1936ல புத்தகமாப் போட்டது அவர் பொண்ணு அன்னா ஃப்ராய்ட். இதுல முக்கியம் என்னன்னா இது பொய் சொல்றது இல்ல. உங்க அப்பா உங்கள ஏமாத்தல. ஆஸ்பத்திரில படத்தப் பாத்துட்டு தலைய ஆட்டினது நெஜம், வீட்டுக்கு வந்து வாய்வுன்னு சொல்றதும் அவர் மனசறிய நெஜம்தான், ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்குது, அப்படி மோதாம வச்சிருக்கற வேலையத்தான் அந்த மறுப்பு செய்யுது.

ஆனா நீங்க எழுதினதுலேயே ஒரு வரி இருக்கு, அத நீங்க வேகமா தாண்டிட்டீங்க. பீடிய ஆஸ்பத்திரிக்குப் போன அன்னையிலேருந்து தொடல. வாய்வுக்கு யாரும் பீடிய விடறதில்லம்மா. அவருக்குத் தெரியும். வாய் மறுக்குது, கை ஒத்துக்கிச்சு. இந்த மாதிரி ஆளுங்கள்ட்ட நான் பேச்சப் பாக்கறதே இல்ல, என்ன செய்யறாங்கன்னுதான் பாப்பேன்: மாத்திரை, சாப்பாடு, நடை, செக்கப். அதெல்லாம் ஓடுதுன்னா வாய்வுன்னு சொல்லிட்டே அவர் நூறு வருஷம் இருக்கட்டும். அதுல ஒண்ணு நின்னா அந்த ஒண்ண மட்டும் பிடிங்க, மொத்தத்தையும் உடைக்காதீங்க.

உடைச்சா என்ன ஆகும்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ரெண்டாம் உலகப்போர் நேரம் லண்டன்ல குண்டு விழுந்துட்டு இருந்தப்ப அன்னா ஃப்ராய்டும் டாரத்தி பர்லிங்ஹாமும் ஹாம்ப்ஸ்டெட் பகுதில குழந்தைகள் காப்பகம் நடத்தினாங்க. அங்க மூணு வயசுப் பையன் ஒருத்தன், அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்க, அழாம நல்ல பிள்ளையா இருந்தா வந்து பாப்போம்னு சொல்லிட்டாங்க. அவன் அழல. அதுக்குப் பதிலா பாக்கறவங்க எல்லார்ட்டயும் "அம்மா வருவாங்க, எனக்கு கோட்டு போட்டு விடுவாங்க, கூட்டிட்டுப் போவாங்க"ன்னு சொல்லிட்டே இருந்தான். நாளாக ஆக கோட்டு, ஜிப்பு, குல்லான்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போச்சு. யாரோ ஒருத்தர் இப்படிச் சொல்லிட்டே இருக்காதன்னு சொல்லிட்டாங்க. பையன் பேச்ச நிறுத்திட்டான். அப்புறம் ஒரு மூலைல நின்னு வாய் மட்டும் அசைய, கையால இல்லாத கோட்ட மாட்டறான், இல்லாத ஜிப்ப இழுக்கறான், தலைல குல்லாவ சரி பண்றான். இதை அவங்க பக்கத்துல இருந்து பாத்து எழுதி வச்சிருக்காங்க. பேச்ச நிறுத்தினதால அவனுக்குள்ள எதுவும் மாறல, அவன் தனியாப் போயிட்டான், அவ்வளவுதான். உங்க அப்பா திண்ணைக்கு எந்திரிச்சுப் போறாருன்னு படிச்சதும் எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

கேள்வி_கேட்பவன்:

மரியாதையோட ஒரு மறுப்பு. ஃப்ராய்ட் சொன்னதுல பாதிக்கு மேல இன்னைக்கு யாரும் ஏத்துக்கறதில்ல. இந்தத் தற்காப்பு தியரில எனக்கு உள்ள பிரச்சனையே இதுதான்: அப்பா "ஆமா அட்டாக்தான்"னா ஏத்துக்கிட்டாரும்பீங்க, "இல்ல"ன்னா மறுக்கறாரும்பீங்க, பேசாம இருந்தா அடக்கி வச்சிருக்காரும்பீங்க, எதைச் செஞ்சாலும் உங்க தியரி ஜெயிக்குது. தோத்துப் போகவே வழி இல்லாத ஒண்ண எப்படி அறிவியல்னு எடுத்துக்கறது? அவர் படிக்காதவரா இருக்கலாம், டாக்டர் சொன்னது புரியாம இருந்திருக்கலாம், அவர் வளர்ந்த ஊர்ல நெஞ்சு வலின்னாலே வாய்வுன்னுதான் சொல்லுவாங்க, அந்தப் பழக்கமா இருக்கலாம். எல்லாத்தையும் மனசுக்குள்ள நடக்கற நாடகமா ஏன் பாக்கணும்?

மனசுவேலை:

நல்ல கேள்வி, இதை யாராவது கேக்கணும்னுதான் இருந்தேன். புரியாம இருக்கறதையும் மறுப்பையும் கட்டாயம் பிரிச்சுப் பாக்கணும், நான் மொதல்ல செய்யற வேலையே அதுதான். புரியாதவருக்கு நிதானமா படம் போட்டு சொன்னா முகம் தெளியும், அடுத்த கேள்வி கேப்பாரு. மறுக்கறவருக்கு அதையே சொன்னா பேச்ச மாத்துவாரு, எந்திரிச்சுப் போவாரு, இல்ல கோவம் வரும்.

தியரி தோக்கவே தோக்காதுங்கறதுக்கு: இதுக்காகவே கொஞ்சம் ஒழுங்கா செஞ்ச வேலை இருக்கு. ஹார்வர்டுல 1938ல ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, 268 மாணவர்கள், அவங்க வாழ்க்கைய கிழவனாகற வரைக்கும் பின்தொடர்ந்தாங்க. ஜார்ஜ் வேலன்ட்ங்கற மனநல மருத்துவர் அந்தப் பதிவுகள்லேருந்து, நெருக்கடி வந்தப்ப யார் எப்படி சமாளிச்சாங்கங்கற பகுதிகள மட்டும் பிரிச்சு, அந்த ஆளோட வாழ்க்கை கடைசில எப்படிப் போச்சுன்னு தெரியாதவங்கள்ட்ட குடுத்து தரம் பிரிக்கச் சொன்னாரு. அப்புறம் ரெண்டையும் பொருத்திப் பாத்தாரு. சிரிச்சு சமாளிக்கறது, அடுத்தவங்களுக்கு உதவறதுல எறங்கறது, வேதனைய ஒரு வேலையாவோ கலையாவோ மாத்தறது, வரப்போறத முன்னாடியே யோசிச்சு தயாராகறது, "இத அப்புறம் யோசிக்கலாம்"னு தெரிஞ்சே ஒத்திப்போடறது, இந்த வகைய அதிகமா பயன்படுத்தினவங்களோட வேலை, குடும்பம், நட்பு எல்லாம் நடுவயசுல நல்லா இருந்துச்சு. தப்பெல்லாம் அடுத்தவன் மேல தூக்கிப்போடறது, உணர்ச்சிய அப்படியே அடிதடியாக் காட்டறது மாதிரி வகைகள்ல நின்னவங்களுக்கு அப்படி இல்ல. ஹார்வர்டு பசங்க எல்லாம் வசதியானவங்கன்னு நீங்க சொல்லலாம், நியாயம், அதனாலதான் பாஸ்டன் ஏழைத் தெருக்கள்ல வளர்ந்த 456 பேர் கொண்ட இன்னொரு ஆய்வையும் எடுத்துக்கிட்டாரு. ஆனா ரெண்டுலயும் ஆம்பளைங்க மட்டும்தான், அந்தக் குறை இருக்கத்தான் செய்யுது. அமெரிக்க மனநல சங்கத்தோட 1994 கையேட்டுல இதுக்கு ஒரு அளவுகோல் பின்னிணைப்புல இருந்துச்சு, 2013 பதிப்புல எடுத்துட்டாங்க. அதனால முடிஞ்ச முடிவுன்னு நான் சொல்லல, ஆனா காத்துல விட்ட கதையும் இல்ல.

கேள்வி_கேட்பவன்:

இது எனக்குப் புதுசு, நன்றி. அந்த ஒத்திப்போடறது மட்டும் இடிக்குது. நினைக்காதன்னா இன்னும் அதிகமா நினைப்பு வரும்னு ஒரு ஆய்வு இருக்கே, வெள்ளைக் கரடிய நினைக்காதீங்கன்னு சொல்லி பாத்தது, டேனியல் வெக்னர், 1987.

மனசுவேலை:

ரெண்டும் வேற. வெக்னர் ஆய்வுல இருக்கறது "நினைக்கவே கூடாது". நான் சொல்றது "சாயங்காலம் நினைக்கலாம்". பரீட்சை எழுதற பிள்ள வீட்டுச் சண்டைய ஹாலுக்கு வெளிய வச்சுட்டுப் போயி எழுதிட்டு வந்து அழுதா அது ஒத்திப்போடறது. வெளிய வந்தும் அழலன்னாதான் யோசிக்கணும்.

மூணாம்_ஷிஃப்ட்:

நான் சென்னை, நைட் டியூட்டி பிரேக்ல எழுதறேன், எழுத்துப் பிழை இருந்தா விட்டுடுங்க. செல்வி அக்கா வீட்ல அப்பா மறுக்கறாரு, எங்க வீட்ல நாங்க எல்லாரும் சேந்து மறுத்தோம். எங்கம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். டாக்டர் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடியே மாமா ஓடிப்போய் "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க சார், தாங்க மாட்டாங்க"ன்னுட்டாரு. அம்மாகிட்ட கட்டின்னு சொன்னோம், கீமோவ குளுக்கோஸ்னு சொன்னோம், முடி கொட்டினப்ப மருந்து சூடுன்னு சொன்னோம். அம்மாவும் சரி சரின்னு கேட்டுக்குவாங்க. வீட்ல எல்லாரும் சிரிச்ச முகமா இருப்போம், பாத்ரூம்ல போய் அழுவோம்.

ஒரு நாள் பக்கத்து பெட்டு ஆயா எங்கிட்ட சொன்னாங்க, "உங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும்மா, பஸ் நிறுத்தத்துல எறங்கறப்பவே போர்டு படிச்சுட்டேன், புள்ளைங்க கஷ்டப்படுதுங்கன்னுதான் கேக்காம இருக்கேன்னு சொல்றா"ன்னு. எங்கம்மா எங்களக் காப்பாத்த மறுத்திருக்காங்க, நாங்க அம்மாவக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டு இருந்தோம், நடுவுல ஒருத்தருக்கொருத்தர் மனசு விட்டுப் பேச இருந்த நேரம் போயிடுச்சு. நகைய யாருக்குக் குடுக்கறது, தம்பி கல்யாணம் எப்படி நடக்கணும், இதெல்லாம் அம்மாவுக்கு சொல்ல இருந்திருக்கும். அந்த ஆயாகிட்டதான் சொல்லியிருக்காங்க.

அதனால நான் அருள் அண்ணன் கட்சியும் இல்ல, விட்டுடுங்கன்னு சொல்ற கட்சியும் இல்ல. அவங்களா மறுத்தா அது அவங்க உரிமை. நம்ம அவங்களுக்காக மறுக்கக் கூடாது. கேட்டா உண்மை கெடைக்கும்ங்கற நம்பிக்கை அவங்களுக்கு இருக்கணும்.

மனசுவேலை:

இத எல்லாரும் படிக்கணும். ஃப்ராய்டுக்கே இது நடந்துச்சு. 1923ல அவர் வாய்க்குள்ள வந்தது புற்றுநோய்னு டாக்டர் ஃபெலிக்ஸ் டாய்ச்சுக்குத் தெரியும், தாங்க மாட்டாருன்னு பயந்து சொல்லாம மறைச்சாரு. பின்னாடி தெரிஞ்சப்ப, தன்கிட்டேருந்து மறைக்க உங்களுக்கு என்ன உரிமைன்னு ஃப்ராய்டுக்கு வந்த கோவம் சாதாரணமில்ல. அதே மனுஷன் 30க்கு மேல ஆபரேஷன் ஆகியும் சுருட்ட விடல, 1939ல லண்டன்ல சாகற வரைக்கும். மறுப்பப் பத்தி உலகத்துக்கே சொன்னவருக்கும் சுருட்டு விஷயத்துல அது இருந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டா இதுலேருந்து தப்பிச்சுடலாம்னு நினைக்கறவங்களுக்காக சொல்றேன்.

வன்னி_மகள்:

நான் கிளிநொச்சிப் பக்கம். இதையெல்லாம் வாசிச்சுக்கொண்டு வரேக்க எனக்கு ஒண்டு சொல்லவேணும் போல கிடந்தது. மறுப்பு எண்ட சொல்லை எல்லாருக்கும் தூக்கிப் போடாதேங்கோ.

என்ர பெரியம்மான்ர மகன் 2009ல காணாமல் போனவன். பெரியம்மா இண்டைக்கும் அவன்ர சேட்டைத் தோய்ச்சு, காயவிட்டு, மடிச்சு வைக்கிறா. மரணச் சான்றிதழ் எடுங்கோ, காசு கிடைக்கும் எண்டு எத்தினையோ பேர் சொல்லிப்போட்டினம், மாட்டன் எண்டுட்டா. ஒரு கூட்டத்துக்கு வந்த படிச்ச மனிசர் ஒருத்தர், அம்மா இன்னும் ஏற்றுக்கொள்ளேல்ல, மறுப்பு நிலையில இருக்கிறா எண்டு சொன்னவர். எனக்கு அண்டைக்கு வந்த ஆத்திரம். எதை ஏற்றுக்கொள்ளுறது? உடம்பு காட்டினதோ? எலும்பு காட்டினதோ? ஆர் கொண்டுபோனது எண்டு ஒருத்தராவது சொன்னவையோ? 2017 பெப்ரவரியில எங்கட கந்தசாமி கோயிலடியில தாய்மார் போராட்டத்துக்கு இருந்தது சாவை மறுக்கிறதுக்கு இல்லை, பதில் கேட்டுத்தான்.

பிறகுதான் அறிஞ்சன், பாலின் பாஸ் எண்ட அமெரிக்கப் பேராசிரியை 1970களில வியட்நாம் போரில காணாமல் போன விமானிகளின்ர குடும்பங்களைப் பார்த்து, இது சாதாரண துக்கத்துக்குள்ளயும் அடங்காது, நோயும் இல்லை, முடிவு தெரியாத இழப்பு எண்டு தனியாய் எழுதினவ எண்டு. உங்கட அப்பாவுக்கு ஈசிஜி இருக்கு, படம் இருக்கு, அவர் மறுக்கிறார் எண்டு சொல்லலாம். பெரியம்மாட்ட மறுக்கிறதுக்கு ஒரு உண்மையை இன்னும் ஒருத்தரும் குடுக்கேல்ல. சேட்டு தோய்க்கிறது அவவுக்கு அண்டாடம் எழும்பி நடக்கிறதுக்கு ஒரு பிடி.

மனசுவேலை:

நீங்க சொல்றத அப்படியே ஏத்துக்கறேன் தோழி. துக்கத்துக்கு அஞ்சு படி இருக்கு, மொதப் படி மறுப்பு, கடைசிப் படி ஏற்பு, எல்லாரும் ஏறி வரணும்னு ஒரு பேச்சு ஊர்ல ஓடுது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969ல அத எழுதினது சாகப்போற நோயாளிகளோட பேசி, பறிகொடுத்தவங்கள வச்சு இல்ல. அத எடுத்து உங்க பெரியம்மா தலைல வைக்கறது அநியாயம்.

இன்னொண்ணும் இதோட சேர்த்து. பெரிய விபத்து நடந்த உடனே ஆளுங்கள உக்கார வச்சு நடந்தத எல்லாம் கொட்டித் தீருங்கன்னு கேக்கற முறை ஒரு காலத்துல பரவலா இருந்துச்சு. அதப் பத்தின ஆய்வுகள எல்லாம் சேர்த்து 2002ல காக்ரேன்ங்கற மருத்துவ ஆய்வுத் தொகுப்புல பாத்தப்ப, ஒரே தடவை அப்படிக் கேக்கறதால பின்னாடி வர்ற மனபாதிப்பு கொறையல, சிலருக்கு கூடவும் செஞ்சுதுன்னு தெரிஞ்சுது. 2011ல உலக சுகாதார நிறுவனம் போட்ட முதலுதவி வழிகாட்டில, பேசச் சொல்லி வற்புறுத்தாதீங்க, பக்கத்துல இருங்க, தண்ணி, சாப்பாடு, தங்க எடம், சொந்தக்காரங்களோட தொடர்பு இதப் பாருங்கன்னுதான் இருக்கு.

கோவை_அருள்:

எல்லாம் படிச்சேனுங்க. எங்க பெரியப்பா கதைய நான் மாத்திச் சொல்ல முடியாதுங்க, அந்த விடியால யாராவது அவரை வம்பா வண்டில ஏத்தியிருந்தா இருந்திருப்பாருன்னுதான் இன்னமும் சொல்லுவேன். ஆனா சிஸ்டர் சொன்ன அந்த வித்தியாசம் சரிங்க, வலி வர்ற நேரம் வேற, வீட்டுக்கு வந்தப்புறம் வேற.

பாளை_செல்வி:

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. மாத்திரைய எடுத்துப் பாத்தேன், ரத்தம் உறையாம இருக்கற ரெண்டும் காலை மாத்திரைலதான் இருக்கு, அது தவறாம போகுது. டாக்டர்ட்ட போன்ல கேட்டு, கொலஸ்ட்ரால் மாத்திரைய ராத்திரி எட்டு மணிக்கு சாப்பாட்டோடயே வச்சிட்டோம், அம்மா தட்டுப் பக்கத்துல வச்சிருதாங்க, ஒண்ணும் சொல்லாம போட்டுருதாங்க.

இன்னொரு விஷயம் கேக்கணும். இத எல்லாம் தங்கச்சிய வாசிக்கச் சொன்னேன், வாசிச்சிட்டு "அப்ப நான்தான் வில்லியா"ன்னு அழுதா. அவதான் அன்னைக்கி ராத்திரி ஆட்டோல அப்பாவ மடில சாச்சுப் பிடிச்சிட்டுப் போனவ, நான் சென்னைல இருந்தேன். அதுல இருந்து அவ ராத்திரி தூங்குறதே கொறஞ்சு போச்சு. இஎஃப்னா என்ன, எந்த ரத்தக்குழாய் எங்க போகுது, எந்த மாத்திரைக்கு என்ன பக்கவிளைவுன்னு போன்ல தேடித் தேடி ஒரு நோட்டு முழுக்க எழுதி வச்சிருக்கா. அவ மகன் ஹோம்வொர்க் எழுதலன்னா இப்ப அடிக்கா, முன்னாடியெல்லாம் அவனத் தொடவே மாட்டா.

மனசுவேலை:

வில்லியே இல்லம்மா. நான் இதத்தான் மெதுவா சொல்லணும்னு இருந்தேன், நீங்களே சொல்லிட்டீங்க. உங்க வீட்ல ஒருத்தர் மறுக்கறாரு, ஒருத்தர் உண்மைய சொல்றாருன்னு நீங்க எல்லாம் நினைச்சுட்டு இருக்கீங்க. எனக்குத் தெரியறது ரெண்டு பேருக்கும் ஒரே பயம். அப்பா அத வாய்வாக்கிட்டாரு. தங்கச்சி அத நம்பரும் நோட்டும் ஆக்கிட்டாங்க. ஆட்டோல மடில இருந்த கனத்தையும் அப்பா மூச்சு விட்ட சத்தத்தையும் நினைக்கறத விட 45ங்கற நம்பர நினைக்கறது தாங்கிக்கற மாதிரி இருக்கு, அறிவால புடிச்சுக்கறதும் ஒரு தற்காப்புதான், அன்னா ஃப்ராய்டோட புத்தகத்துல அதுக்குத் தனி எடமே இருக்கு. அதுலயும் அடங்காம மிச்சம் இருக்கற பயம்தான் பையன் முதுகுல விழுது, அப்பாவ அடிக்க முடியாது இல்லையா.

அதான் அந்த பைலத் தூக்கினாலே சண்டை வருது. அவங்களுக்குத் தெம்பு குடுக்கற அதே காகிதம் இவருக்கு உள்ள கட்டி வச்சதக் குலைக்குது. இவர் வாய்வுன்னு சொல்றப்பல்லாம் அவங்களுக்கு ஆட்டோ ராத்திரி திரும்பி வருது.

தங்கச்சியோட நோட்டப் பிடுங்காதீங்க. அது நல்ல நோட்டு, டாக்டர்ட்ட போறப்ப அவங்கதான் கூடப் போகணும், கேக்க வேண்டியத கேட்டுட்டு வரட்டும், அங்க அது வேலைக்கு ஆகும். அப்பா முன்னாடி மட்டும் வாசிக்க வேண்டாம். ஆட்டோ ராத்திரியப் பத்தி நீங்க அவங்கள்ட்ட ஒரு தடவை கேளுங்க, சொல்ல வந்தா சொல்லட்டும், தோண்டாதீங்க. தூக்கம் இதே மாதிரி இன்னும் போச்சுன்னா இல்ல பையன அடிக்கறது நிக்கலன்னா 14416க்கு போன் பண்ணச் சொல்லுங்க, டெலி மானஸ், மத்திய அரசோட இலவச மனநல எண், தமிழ்லயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பாங்க.

மூணாம்_ஷிஃப்ட்:

செல்வி அக்கா, தங்கச்சிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க: அன்னைக்கு அவங்க அந்த ஆட்டோவப் பிடிக்கலன்னா இந்த இழையே இருந்திருக்காது.

பாளை_செல்வி:

சொல்லுதேன். இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பயமா இருக்கு. அருள் அண்ணன் பெரியப்பாவுக்கு நடந்தது மாதிரி அடுத்து ஒரு தடவ வலி வந்தா அப்பாவும் வாய்வுன்னு சொல்லி வெந்நீர் குடிச்சிட்டுப் படுத்துட்டாங்கன்னா? மத்தது எல்லாத்துலயும் விட்டுக் குடுக்கலாம், அதுல எப்படி விடுறது?

வார்டு_டியூட்டி:

அதுல விடவே கூடாதுக்கா. வாய்வா அட்டாக்கான்னு முடிவு பண்ற வேலைய அப்பாகிட்டயும் குடுக்காதீங்க, தங்கச்சிகிட்டயும் குடுக்காதீங்க, ஈசிஜிகிட்ட குடுத்துருங்க. இப்ப நல்லா இருக்கற நேரத்துலயே அப்பாகிட்ட இப்படிப் பேசி வைங்க: "வாய்வாவே இருக்கட்டும்ப்பா, ஆனா ஸ்டென்ட் வச்சவங்களுக்கு வாய்வு வந்தாலும் ஈசிஜி எடுத்துட்டுத்தான் கஷாயம்னு டாக்டர் சொல்லியிருக்காரு." வாய்வுங்கற சொல்ல அவர்கிட்டருந்து பிடுங்காம கேட்டா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, நாங்க வார்டுல இப்படித்தான் பேசுவோம். டாக்டர்ட்ட முன்னாடியே சொல்லி வச்சா அடுத்த செக்கப்ல அவர் வாயாலயே சொல்லிடுவாரு.

வலி வந்தா நெஞ்சு மட்டும் பாக்காதீங்க, தாடை, இடது கை, முதுகு, மேல் வயிறு எங்க வேணா வரும், காரணம் இல்லாம வேர்க்கும், மூச்சு வாங்கும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும். சுகர் இருக்கறவங்களுக்கு வலியே இல்லாமலும் வரும். ஏப்பம் வந்து கொஞ்சம் லேசானாலும் அத நம்பி உக்காராதீங்க. 108க்கு அடிங்க, அவரா பைக் எடுத்துட்டுப் போக விடாதீங்க. பக்கத்துல எந்த ஆஸ்பத்திரில ராத்திரிலயும் ஈசிஜி எடுப்பாங்கன்னு இன்னைக்கே விசாரிச்சு, அந்த நம்பர அம்மா போன்ல மொதல்ல வர்ற மாதிரி போட்டு வைங்க, ராத்திரி நேரத்துல வீட்ல இருக்கப்போறது அவங்கதான்.